வலது கடைவாய்ப் பல்

என் வாயின் இடது பக்கக் கீழ்வரிசையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. முப்பத்திரண்டு வயதில் ஒன்று போனது, நாற்பதில் இன்னொன்று. இரண்டையும் நானே கேட்டுத்தான் பிடுங்கிக்கொண்டேன். வலித்தது, போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், பஞ்சைக் கடித்தபடி வீடு திரும்பினேன். நெடுங்காட்டில் எங்கள் குடும்பத்தில் பல்வலிக்கு அதுதான் வைத்தியம். அதற்கு முன் ஒரு வாரம் கிராம்பு, உப்புத் தண்ணீர், மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை. அதற்குப் பின் பல் இருக்காது.

ஆகவே ஐம்பத்தொரு வயதில் நான் மென்றதெல்லாம் வலது பக்கத்தில்தான். அங்கும் கீழே ஒரே ஒரு கடைவாய்ப் பல்தான் மேல் பல்லோடு சரியாகப் பொருந்தும். போன மார்கழியில் அது வலிக்கத் தொடங்கியது. சூடாகக் காபி குடித்தால் வலித்தது. பிறகு காபி இல்லாமலே வலித்தது.

நான் காரைக்கால் டவுனில் இருக்கிறேன். நாளிதழ் ஒன்றின் கிளை அலுவலகத்தில் வேலை. என் பங்கு நிலத்தையும் சேர்த்து நெடுங்காட்டில் பயிர் செய்வது அண்ணன். அவரிடம் போனில் சொன்னேன்.

“ஆடுதா?” என்றார்.

“ஆடலண்ணே.”

“ஆடலன்னா என்னா. புடுங்கிப் போட்டுட்டு வேலயப் பாருடா. எனக்கு எத்தன போச்சு, நான் என்னா செத்தா போயிட்டேன்?”

அண்ணனுக்கு அறுபத்தொன்று. கடைவாய்ப் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. முன்பற்கள் இருப்பதால் சிரித்தால் தெரியாது.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பேச்சைக் கேட்டுக்கொண்டே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: “உங்க அண்ணன் ஆட்டுக்கறியத் தொட்டு எத்தன வருஷமாவுது? கேட்டா பிடிக்கலங்கிறாரு. போன தடவ முருங்கக்காயக் கூட எலையோரமா ஒதுக்கி வச்சாரு. அதுவும் பிடிக்கலயாம்.”

அவளோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்ன பல் டாக்டரிடம் மறுநாள் மாலை போனோம். கடைத்தெருவுக்குப் பின்புறம், மாடியில் இரண்டு அறைகள். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கலாம். வேகமாகப் பேசுகிறவர், ஆனால் கையில் வேகம் இல்லை. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுப் பேனாவால் காட்டினார்.

“உள்ள நரம்பு செத்துக்கிட்டு இருக்கு சார். அதான் வலி. ஆனா வேரு நல்லா இருக்கு, சுத்தி எலும்பும் நல்லா இருக்கு. ரூட் கெனால் பண்ணி, உள்ள சுத்தம் செஞ்சு அடச்சிட்டு, மேல தொப்பி மாதிரி கேப் போட்டா பல்லக் காப்பாத்திடலாம். மூணு நாலு தடவ வரணும்.”

“புடுங்கிட்டா?”

“புடுங்கலாம். பத்து நிமிஷ வேல. அப்புறம் எதால மெல்லுவீங்க?”

பக்கத்தில் இருந்த மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சரி, காப்பாத்துங்க” என்றேன்.

ஊசி போட்டார். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். அதன் ஓட்டை வழியாக அந்த ஒரு பல் மட்டும் வெளியே நின்றது. துளைத்தபோது கருகிய நகம்போல வாடை வந்தது. பிறகு மயிரிழை போன்ற அரங்களை ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு எடுத்தார். ஒரு சிறு கருவி, அரம் வேர் நுனியை நெருங்க நெருங்க வேகமாக ஒலித்தது. எனக்கு வலிக்கவில்லை. வலிக்கும் என்று காத்திருந்ததில் தோள்தான் வலித்தது. கடைசியில் தற்காலிகமாக அடைத்துவிட்டு எச்சரித்தார்.

“உள்ள குடஞ்சிருக்கோம், சுவரு மெல்லிசா இருக்கு. இந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்கக் கூடாது. முறுக்கு, கடல, எலும்பு, நண்டு ஓடு, ஐஸ் கட்டி. ஒரு வாரத்துல கண்டிப்பா வந்துடுங்க.”

ஐந்தையும் வரிசை மாறாமல் போனில் குறித்துக்கொண்டேன்.

அன்றோடு வலி நின்றது. ஒரு வாரம் கழித்து க்ளினிக்கிலிருந்து போன் வந்தது, வருகிறேன் என்றேன். பொங்கல் வந்தது. அலுவலகத்தில் வேலை இருந்தது. இரண்டாவது போனுக்கும் வருகிறேன் என்றேன். உண்மை என்னவென்றால், வலிக்காத பல்லுக்காக மாடிப்படி ஏறுவது எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. மூன்று வாரம் ஆனது.

அப்போதுதான் அண்ணன் கூப்பிட்டார். அறுவடை முடிந்து நெல் களத்தில் காய்கிறது, திங்கட்கிழமை வியாபாரி வருகிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் வா என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நெல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எங்கள் பக்கத்தில் ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். காய்ந்திருந்தால் ‘டக்’கென்று உடையும். ஈரம் இருந்தால் உடையாமல் நசுங்கும். வியாபாரி ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் கொண்டுவருவார். அந்த மீட்டர் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. “அவன் மீட்டரு அவன் பேச்சத்தான் கேக்கும்” என்பார். ஆனால் நெல்லை முன்பல்லால் கடித்துப் பார்க்க முடியாது, நழுவும். அண்ணனுக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லும் போன பிறகு, நாலைந்து வருடங்களாக ஒவ்வொரு அறுவடைக்கும் கடிப்பது நான்.

களத்தில் நெல் கணுக்கால் உயரத்துக்குப் பரந்திருந்தது. அண்ணன் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். மேலே கிடந்ததில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். டக். நடுவிலிருந்து ஒன்று. டக். குனிந்து, ஓரமாக, அடியில் கையை விட்டு மூன்றாவது மணியை எடுத்தேன். இதையெல்லாம் செய்யும்போது பல்லைப் பற்றி ஒரு நினைப்பும் எனக்கு இல்லை. போனில் நான் எழுதி வைத்த பட்டியலில் நெல் இல்லை.

மூன்றாவது சத்தம் பெரிதாக இருந்தது. நாலடி தள்ளி நின்ற அண்ணனுக்கே கேட்டது.

“அடியும் காஞ்சிடுச்சு” என்றார். “நாளைக்கே ஏத்திடலாம்.”

நான் உள்ளங்கையில் துப்பினேன். ஒரு நெல்மணி. பக்கத்தில் துவரம்பருப்பில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு. அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இது நெல்லு இல்லியே.”

“பல்லுண்ணே.”

அவர் நெல்மணியை மட்டும் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இது நசுங்கித்தான் இருக்கு. ஒடயல. அடி இன்னும் காயலடா.” சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். “வலிக்குதா?”

“இல்ல.”

“வலிக்கலன்னா என்னா பயம்?”

எனக்குப் பயமே அங்கேதான் வந்தது. நாக்கால் தொட்டேன். பல்லின் உட்பக்கம் ஒரு சுவர் இல்லை. விளிம்பு கத்திபோல இருந்தது. அத்தனை பெரிய உடைப்புக்கு ஒரு சுரீர்கூட இல்லை.

அண்ணன் மரப்பலகையால் நெல்லைப் புரட்டிக்கொண்டே பேசினார். “அதான் அன்னிக்கே புடுங்குன்னேன். கேட்டியா? இப்ப நெல்லும் போச்சு, பல்லும் போச்சு.”

“நெல்லு எங்கண்ணே போச்சு? இன்னொரு நாள் காயப் போடு.”

“போடத்தான் வேணும். ஒன் பல்ல எங்க காயப் போடுறது?”

களத்து ஓரத்தில் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

“என்ன கடிச்சீங்க?” என்றார்.

“நெல்லு.”

“சோறா?”

“இல்ல டாக்டர், நெல்லு. காஞ்சிருக்கான்னு பாக்க.”

“நண்டு சொன்னேன், முறுக்கு சொன்னேன். நெல்லச் சொல்லணும்னு தோணல பாருங்க. சரி, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க. சுவரு மட்டும் ஒடஞ்சிருந்தா பரவால்ல. விரிசல் அடி வரைக்கும் எறங்கியிருந்தா பல்ல எடுக்கத்தான் வேணும். தொறந்து பாத்தாதான் சொல்ல முடியும்.”

அன்று மதியம் வீட்டுச் சாப்பாட்டை முதல் தடவையாக இடது பக்கத்தில் மென்றேன். மென்றேன் என்று சொல்லக் கூடாது. கீழே ஈறு, மேலே பல். சோறு ஈறின் மேல் வழுக்கிக் கன்னத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதை நாக்கால் தள்ளி மறுபடி கொண்டுவர வேண்டியிருந்தது. ரசம் சாதம் இறங்கியது. அவரைக்காய்ப் பொரியல் இறங்கவில்லை. தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

“ஏன், நல்லால்லயா?” என்றாள் மனைவி.

பிடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அண்ணன் எத்தனை வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். பத்துக்குக் குறையாது. அவர் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்காராமல் பரிமாறப் போய்விடுவதும், கடைசிப் பந்தியில் மோர்ச் சாதத்தோடு எழுந்துவிடுவதும் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைச் சுறுசுறுப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே நாற்காலியில் இருந்தேன். டாக்டர் முதலில் திட்டினார்.

“மூணு வாரம் ஆவுது சார்.”

“வலி இல்ல டாக்டர், அதான்.”

“வலிக்கிறதுக்கு உள்ள என்ன இருக்கு? நாந்தான் எடுத்துட்டேனே. இந்த ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான். வலி நின்னதும் என்னய மறந்துடுவாங்க. பல்லு ஒடஞ்சதும் ஞாபகம் வரும். வாயத் தொறங்க.”

மிச்சமிருந்த தற்காலிக அடைப்பைச் சுரண்டி எடுத்தார். நெற்றியில் விளக்கோடு கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். நீலச் சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் கழுவினார்; விரிசல் இருந்தால் அதில் சாயம் தங்கி நீலக் கோடாகத் தெரியுமாம். முகக் கவசத்துக்கு மேலே அவர் கண் மட்டும் எனக்குத் தெரிந்தது. அதில் செய்தி எதுவும் இல்லை. சிறு கண்ணாடியை ஒரு கோணத்தில் வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்து இன்னொரு கோணத்தில் பார்த்தார், காற்றடித்து உலர்த்திவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. ஆறு நிமிடம்.

“உள்பக்கச் சுவரு மட்டும்தான் சார்” என்றார். “அடி நல்லா இருக்கு.”

வாயில் குழாயோடு கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. குழாயை எடுத்தார்.

“விரிசல் கீழ போவலைங்களா?”

“போகல. ஈறுக்கு மேலயே நின்னுடுச்சு. இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் எறங்கியிருந்தா வேற பேச்சு.”

“அப்ப புடுங்க வேண்டியதில்ல?”

“மூணாவது தடவையா கேக்குறீங்க. வேண்டியதில்ல.”

நாற்காலியின் கைப்பிடிகளை விட்டேன். ரெக்சின் மேல் பத்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. அவர் பார்ப்பதற்கு முன் சட்டைக் கையால் துடைத்தேன். வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். அவள் செருப்பு தரையில் தேயும் சத்தம் கேட்டது. எழுந்து, பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே வேர்களை அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். இனியும் என்னை நம்பி வெளியே விட முடியாதாம். வேர்களுக்குள் இருந்த மூன்று குழல்களையும் மருந்து நீர் விட்டுக் கழுவினார், காகிதக் குச்சிகளால் ஒற்றி உலர்த்தினார். பிறகு இளஞ்சிவப்பு நிற ரப்பர் குச்சிகளைப் பசை தடவி உள்ளே இறக்கினார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளைச் சூடான கருவியால் வெட்டியபோது மெழுகு உருகும் வாடை வந்தது. உடைந்த சுவர் இருந்த இடத்தைச் சிமெண்ட் போன்ற ஒன்றால் கட்டி எழுப்பி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். கொத்தனார் பூச்சுவேலை செய்வதை நின்று பார்ப்பதுபோல, படுத்துக்கொண்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை தூங்கியும்விட்டேன். “சார், வாய மூடாதீங்க” என்று எழுப்பினார்.

அண்ணன் நெல்லை மேலும் ஒரு நாள் காயவைத்து ஏற்றினார் என்று தெரியவந்தது. என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த முறை பல்லைச் சுற்றிலும் செதுக்கி அளவெடுத்தார்கள். பத்து நாளில் கேப் வந்தது. பல் நிறத்திலேயே இருந்தது. ஒரு மக்காச்சோள மணியை விடச் சற்றுப் பெரிது. இடிக்கும் இடத்தில் சாயம் ஒட்டும் நீலக் காகிதத்தை இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். தேய்த்தார். கடித்தேன். தேய்த்தார். ஐந்தாவது கடியில் மேல் பல் வந்து உட்கார்ந்த இடம் எனக்குப் பழக்கமான இடமாக இருந்தது.

“இப்ப எப்படி இருக்கு?”

“ஒன்னும் தெரியல டாக்டர்.”

“அதான் வேணும்.”

கடைசியாக ஒரு எக்ஸ்ரே எடுத்து என் போனுக்கு அனுப்பினார். படியிறங்கும் முன்பே அதை அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே தெருவுக்கு வருவதற்குள் அவர் கூப்பிட்டார்.

“படம் வந்துச்சு. கருப்பா இருக்கு, நடுவுல வெள்ள வெள்ளயா கோடு போவுது. என்னாது?”

“வேருண்ணே. உள்ள அடச்சிருக்காங்க.”

“ஒன்னோட வேரா, அவங்க வச்சதா?”

“என்னோடதுதான். மேல தொப்பி மட்டும்தான் அவங்களது.”

“கடிச்சுப் பாத்தியா?”

“பாத்தேன். கடிக்குது.”

அவர் பக்கத்தில் டிராக்டர் ஒன்று நெருங்கி வந்து, கடந்து போகும் சத்தம் கேட்டது. அது போகும்வரை காத்திருந்தார்.

“அப்ப இருக்கட்டும்” என்றார்.