சிவப்புப் பித்தானுக்கு வைத்த பொட்டு

பொங்கல் கழிந்து முதல்முதலாகப் போட்ட அன்று கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டரின் பச்சைப் பித்தானை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. மழைக்கு நட்ட மிளகுக் கொடிகளுக்கு அதுதான் முதல் கோடை. எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், அந்த வருஷம் தையிலேயே வெயில் ஏறி, இலைகள் தொங்கத் தொடங்கியிருந்தன. பட்டுப்போனால் இன்னொரு மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். டெஸ்ட் பல்பு வைத்தார். மூன்று பேஸிலும் எரிந்தது.

"காயில் போயிருச்சு புள்ள" என்றார். அவருக்கு எது நின்றாலும் காயில்தான். ரேடியோ நின்றபோதும் அதையேதான் சொன்னார்.

மோட்டாரைக் கழற்றி மூங்கிலில் கட்டி, ஆளுக்கொரு முனையாய்த் தோள் கொடுத்து ரோட்டுக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் அத்தனை வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி, பேளுக்குறிச்சி. காயில் கட்டும் பாய் ஒயரைக் கொடுத்ததும் சனியன் ஜம்மென்று ஓடியது.

"மோட்டார் நல்லாத்தானுங்க இருக்குது. தோட்டத்துல ஸ்டார்ட்டரைப் பாருங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பவும் அதே மூங்கில், அதே வளைவுகள்.

மறுநாள் மாட்டினோம். ஓடவில்லை. ஸ்டார்ட்டர் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாட்டுப்பொங்கலுக்கு அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்திருந்தன. பச்சைப் பித்தானில் சின்னப் பொட்டு. நிறுத்துகிற சிவப்பில் மட்டும் அப்பியிருந்தது. சாமி பொட்டு என்று இரண்டு பேருமே அதில் கை வைக்கவில்லை.

மெயினை இறக்கிவிட்டு, முந்தானையை நனைத்துத் துடைத்தேன். சந்தனத்தோடு உள்ளே ஒட்டிக் கிடந்த பித்தான் டிக்கென்று வெளியே வந்தது. நிறுத்துகிற பித்தான் அமுங்கியே கிடந்தால் மோட்டார் எப்படி ஓடும்?

"ஏனுங்க, செவப்புல எதுக்கு இத்தனை அப்புனீங்க?"

"நிக்காம ஓடோணும்னு கும்புட்டுத்தான் வெச்சேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மெயினை ஏற்றிப் பச்சையை ஓங்கி அமுக்கினேன்.

தண்ணீர் வந்தது. மேல்வரிசைக் கொடிகள் பிழைத்துக்கொண்டன. பாறையை ஒட்டிய கீழ்வரிசை கருகிவிட்டிருந்தது. பொழுது சாயும் வரை அவர் அதற்கும் மண் அணைத்துத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன்.