வைப்பருக்கு எண்ணெய்க் குளியல்

வக்கீல் என்றால் வாசலில் கார் நிற்க வேண்டும், அப்போதுதான் கட்சிக்காரர்கள் வருவார்கள் என்று கோர்ட்டு வராந்தாவில் யாரோ சொன்னார்கள். அதை நம்பி, பல கை மாறிய ஒரு மோட்டாரை வாங்கி வாசலில் நிறுத்தினேன். கட்சிக்காரர்கள் வரவில்லை. உறவினர்கள் வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, ரயிலடிக்குப் போய் ஆள் கூட்டி வருவது என்று எல்லாவற்றுக்கும் வந்தார்கள். வக்கீலாக நான் சம்பாதிக்காத நல்ல பெயரையெல்லாம் டிரைவராகச் சம்பாதித்தேன்.

கூரை துணி. ஹாரன், கையால் அமுக்கும் ரப்பர் குமிழ். முன்கண்ணாடியில் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும் ஒரே ஒரு வைப்பர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கடவுளை நம்பிக் கொள்ளட்டும் என்பது காரைச் செய்தவனின் கொள்கையாக இருந்திருக்க வேண்டும். அந்த வைப்பரும் தானாக ஆடாது. கண்ணாடிக்கு மேலே உட்புறம் ஒரு கைப்பிடி உண்டு. அதைப் பிடித்து இடமும் வலமுமாக நாம் ஆட்டினால் வெளியே ரப்பர் பட்டை ஆடும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை வைப்பரில். ஹாரனுக்கு மூன்றாவது கை வேண்டும். அதற்காக என் மனைவியின் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்வேன். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். மற்ற வேலைகளில் அவன் எப்படியோ, ஹாரன் அடிப்பதில் கெட்டிக்காரன். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் அடிப்பான்.

மதுரையில் வைப்பருக்கு வருஷத்தில் பத்து மாதம் வேலை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அதற்கும் எனக்கும் நல்ல ஒற்றுமை. வேலை இல்லாதவன் வெயிலில் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் அந்த ரப்பருக்கும் ஆயிற்று. சித்திரையில் காய்ந்தது, ஆனியில் வெடித்தது, புரட்டாசியில் தொட்டுப் பார்த்தபோது அப்பளம் மாதிரி உதிர்ந்து கையோடு வந்துவிட்டது.

யுத்த காலம் அது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் மோட்டார் சாமான் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்து, ரப்பரெல்லாம் பட்டாளத்தில் சேர்ந்து ரொம்ப நாளாச்சு அண்ணே, நீங்க பேப்பர் படிக்கிறதில்லையா என்றார். பேப்பர் படிக்கிறவன் என்ற என் ஒரே பெருமையையும் கடை வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தோம். மாப்ளயின் சைக்கிளில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் ஒட்டே டியூபாகிவிட்ட ஒரு பழைய டியூப் கிடந்தது. அதில் ஒட்டில்லாத ஒரு சாண் நீளத்தைத் தேடிப் பிடித்து, கத்தரிக்கோலால் நீளமாக ஒரு பட்டை வெட்டி, இரண்டாக மடித்தோம். வைப்பரின் தகரத் தண்டைக் குறட்டால் நெம்பி வாயைத் திறந்து, மடித்த பட்டையை உள்ளே செருகி, மறுபடி நெருக்கினோம். முதல் தடவை ரப்பரோடு என் விரலும் உள்ளே போயிற்று. இரண்டாம் தடவை ரப்பர் மட்டும் போயிற்று. ஒரு செம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி ஆட்டிப் பார்த்தோம். துடைத்தது. கீச்சென்று ஒரு சத்தத்தோடு துடைத்தது. ஆனாலும் துடைத்தது.

நான் அதோடு விட்டிருக்கலாம். படித்தவன் எதையும் அதோடு விடுவதில்லை. காரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். உலர்ந்த வெப்பத்தில் ரப்பர் இறுகிவிடும், அதை இளக்கமாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எப்படி வைத்திருப்பது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்தைக் கரையான் எனக்கு முன்பே படித்து முடித்திருந்தது. உஷ்ணத்தில் இறுகிய ஒன்றை இளக்க மதுரைக்காரனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துக் கொள்ளும்போது, காய்ச்சிய நல்லெண்ணெயில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வைப்பருக்கும் தேய்த்தேன். அரை மணி நேரம் ஊறட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இது நடந்தது. ரப்பர் மினுமினுப்பாகி, சற்றுச் சதையும் போட்டது. போவோர் வருவோரிடமெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா மகளுக்குத் திருமங்கலத்தில் ஒரு வரன் திகைந்து வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் அம்மா நேரில் வந்து பெண்ணைப் பார்த்துப் பூ வைத்தால் முடிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பெண் பார்க்கப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டால், அந்தச் சம்பந்தத்தில் தெய்வத்துக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம், அப்படியே திரும்பிவிடுவார். மகனுக்கு இரண்டு இடம் இப்படி வழியிலேயே முடிந்துபோயிருந்தது. ஒன்று மாட்டுவண்டியின் அச்சில், இன்னொன்று பஸ்ஸின் டயரில். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். அக்கா யோசித்து, என் தம்பி காரில் வந்து கூட்டி வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று கிளம்பும்போது அக்கா மகள் வாசலுக்கு வந்தாள். அதிகம் பேசாத பெண். பையனை ஏதோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள் என்று என் மனைவி காதோடு சொல்லியிருந்தாள். பெண் காரின் சக்கரத்தைப் பார்த்துக் கொண்டே கேட்டாள்.

“மாமா, வண்டி நின்னுறாதுல்ல?”

“நிக்காது தாயி” என்றேன். கோர்ட்டில்கூட நான் அவ்வளவு தைரியமாக எதையும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை. ராகு காலம் மூன்று மணிக்கு முடிந்ததும் திருமங்கலத்தில் அந்த அம்மாவை ஏற்றினோம். கூடவே ஒரு கூஜா, ஒரு வெற்றிலைப் பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு தகர டப்பா. பெண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரி மதுரையில் தன் தமக்கை வீட்டில் தங்குவார். மறுநாள் வெள்ளிக்கிழமை, தலை முழுக வேண்டும். மற்றவர்கள் வீட்டுச் சீயக்காய் தமக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் சொந்தமாக அரைத்துக் கொண்டு வந்திருக்கிறார். இந்த விவரமெல்லாம் டப்பாவை மடியில் வைத்துக் கொள்வதற்குள் சொல்லி முடித்துவிட்டார். என்னைப் பார்த்து, வண்டி நல்ல வண்டிதானே தம்பி என்று மட்டும் கேட்டார். மாப்ள பதிலுக்கு ஹாரன் அடித்தான்.

கப்பலூர் தாண்டியதும் மழை பிடித்தது. ஐப்பசி மழை. வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. நான் பெருமையோடு கைப்பிடியைப் பிடித்து வைப்பரை ஒரு ஆட்டு ஆட்டினேன். கண்ணாடியில் அதுவரை தெரிந்து கொண்டிருந்த ரோடு போய்விட்டது. அந்த இடத்தில் வானவில் மாதிரி நிறநிறமாக ஏதோ வழிந்தது. இன்னும் வேகமாக ஆட்டினேன். வானவில் கண்ணாடி முழுக்கப் பரவியது. அத்தனை சனிக்கிழமை எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

நிறுத்தித் துடைத்திருக்கலாம். ஆனால் நிறுத்தினால் அக்கா மகளின் கல்யாணம் அங்கேயே நிற்கும். மாப்ளயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ‘நிறுத்து’ என்ற சொல்லே தமிழில் இல்லை என்பது போல் நடந்து கொள்வது என்று அந்தப் பார்வையிலேயே ஒப்பந்தம் ஆயிற்று. மாப்ள பக்கவாட்டுத் துணியை விலக்கி, தலையை வெளியே நீட்டி, நனைந்தபடியே வழி சொல்ல ஆரம்பித்தான். எடதுல மாட்டு வண்டி மச்சான். வலதுல ஒடிங்க. அம்புட்டு வேணாம். நேரா ஒரு ஆட்டு மந்தை வருது, மெதுவா. இன்னும் மெதுவா. அதைவிட மெதுவா.

வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த ஒரு மாட்டு வண்டி மணியை ஆட்டி வழி கேட்டு எங்களைத் தாண்டிப் போயிற்று.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. “தம்பி, வண்டி போகுதா, நிக்குதா?”

“போகுதும்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மாப்ள வழக்கத்துக்கு மாறான குரலில், புளிய மரம் மச்சான் என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லாப் பக்கமும் என்றான். ஸ்டியரிங்கை எனக்குத் தோன்றிய பக்கம் ஒடித்தேன். ஒரு கிளை கூரைத் துணியை உரசிக் கொண்டு போன சத்தம் கேட்டது.

“நிப்பாட்டுங்க தம்பி.”

“இல்லம்மா, வண்டி நல்லாப் போகுது.”

“போறது எனக்குத் தெரியுது. எங்க போகுதுன்னுதான் உங்களுக்குத் தெரியல. நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன். அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக் கொண்டு மழையில் இறங்கினார். மாப்ள குடையோடு பின்னால் ஓடினான். கண்ணாடியில் ஒரு விரலை வைத்துத் தடவி, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

“நல்லெண்ணெயால்ல இருக்கு. யாரு தேச்சது?”

நான்தான் என்றேன். ரப்பர் இறுகாமல் இருக்க என்றேன். இங்கிலீஷ் புத்தகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் கொண்டார்.

“எண்ணெய் தேச்சீங்க, சரி. சீயக்காய் போட்டீங்களா?”

என் படிப்பு, பட்டம் எதிலும் சீயக்காய் ஒரு பாடமாக இருந்ததில்லை.

தகர டப்பா திறந்தது. மழையே தண்ணீர். ஒரு கைப்பிடிப் பொடியைக் குழைத்துக் கண்ணாடியில் அப்பி, அடம்பிடிக்கும் பிள்ளையின் தலையைத் தேய்ப்பது போல் அழுத்தித் தேய்த்தார். ரப்பர் பட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். நான் குறட்டால் நெம்பி எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் தனியாக ஒரு முழுக்கு. இதுக்குக் கண்ணு எரியாது, அந்த மட்டுக்கும் சமத்து என்று சொல்லிக் கொண்டார். மறுபடி செருகி ஆட்டினேன். கீச். கண்ணாடியில் ரோடு, புளிய மரம், மரத்துக்குக் கீழே நனைந்து கொண்டு எங்களை வேடிக்கை பார்த்த ஆடுகள் எல்லாம் தெரிந்தன.

எல்லாரும் ஏறிக் கொண்டோம். காரை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மதுரைப் பக்கமே விட்டேன். பின்னாலிருந்து வழி நெடுக வெற்றிலை மடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. பசுமலை தாண்டும் வரை மாப்ள ஹாரனைத் தொடவே இல்லை.

வீட்டு வாசலில் அக்கா குடையோடு காத்துக் கொண்டிருந்தாள். சம்பந்தியை நலம் கேட்பதற்கு முன்பே அவள் வாயில் வந்தது அதுதான்.

“வழியில எங்கயும் வண்டி நிக்கலையே?”

நான் மழை எங்கேயிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். மாப்ள காரைச் சுற்றிக் கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

“வண்டி நிக்கல” என்றார் அந்த அம்மா, காலைத் துடைத்துக் கொண்டே. “நான் நிப்பாட்டினேன். ரெண்டும் ஒண்ணா?”

வழக்குகளில் எத்தனையோ வாதங்களைக் கேட்டிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் ஒருவேளை கட்சிக்காரர்கள் வந்திருப்பார்கள்.

பெண் காப்பித் தட்டோடு வந்து வணங்கி நின்றாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தலைக்கு எண்ணெய் தேச்சா அப்புறம் என்ன செய்வ?”

பெண் திகைத்து அவளுடைய அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் தரைக்கு மாற்றினேன். “சீயக்காய் போட்டு முழுகுவேன்” என்றாள் மெல்ல.

“உங்க மாமாவுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல” என்று சொல்லிக் கொண்டே, துணிப்பையிலிருந்து மல்லிகைப் பூவை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

எண்ணெய் குடித்த அந்த ரப்பர் கார்த்திகை முடிவதற்குள் ஊதி, தண்டை விட்டுத் துண்டு துண்டாக வந்துவிட்டது. மாப்ளயின் டியூபில் இன்னொரு பட்டை வெட்டினோம். அதற்கு நான் ஈரத் துணி தவிர வேறெதையும் காட்டவில்லை. தை மாதக் கல்யாணத்தில் சம்பந்தியம்மா எல்லாருக்கும் தாம்பூலம் கொடுத்தார். என் பையில் மட்டும் தேங்காயோடு ஒரு சின்னத் தகர டப்பாவும் இருந்தது. என்ன அது, என்ன அது என்று மாப்ள பந்தலில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுக் கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரியும்.