என்னைக் கரையேற்றியவனை எனக்குப் பிடிக்காது

அணுபுரத்தில் நண்பர் வீட்டில் ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடிக் கதை விளையாட்டு ஆடுவோம். நண்பர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். பகடை விழுவதைப் பொறுத்துக் கதை நகரும். விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். யார் எதைச் செய்தாலும் குறுக்கே புகுந்து தப்புச் சொல்வேன். அதைத்தான் திறமை என்று நினைத்திருந்தேன்.

சதுரங்கப்பட்டினத்து மீனவன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். அன்று கதையில் நாங்கள் போன படகு புயலில் சிக்கியது.

"படகு மூஞ்சிய அலைக்கு நேரா திருப்புறேன்" என்றான்.

"புக்குல அப்டி இல்ல. நங்கூரம்தான் போடணும். மொதல்ல படிச்சிட்டு வா" என்று அவன் கையிலிருந்த பகடையைப் பிடுங்கி நானே உருட்டினேன். ஒன்று விழுந்தது. படகு சாய்ந்து, என் வீரன் கடலில் விழுந்தான்.

"யாரு குதிக்கிறீங்க?" என்று நண்பர் கேட்டார்.

மூன்று வருடமாக என்னோடு ஆடிய இருவரும் பகடைக்குக் கை நீட்டவில்லை. ஒருவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான்.

"நான் குதிக்கிறேன்" என்ற மீனவன், பகடையை உருட்டி என்னை இழுத்துப் படகில் போட்டான்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"உன்ன புடிச்சிப் போயி இல்ல. வுழுந்தவன் எவனா இருந்தாலும் வுட்டுட்டு கரைக்கு வர்றது எங்கூர்ல இல்ல. அது உன் புக்குல கீதான்னு பாரு."

அவனை எனக்கு இன்னமும் பிடிக்காது. ஆனால் புத்தகத்தை இப்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். யார் முறை வந்தாலும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். மறுபடி விழுந்தால் அந்த இருவரில் ஒருவனாவது குதிப்பானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.