கன்னியப்பன் அடைகாத்த கதை

நெல்லித்தோப்பில் எங்கள் தெருக்காரர்களுக்குக் கடிகாரமே தேவையில்லை. கன்னியப்பன் எழுந்துவிட்டால் தெருவே எழுந்துவிடும். மில்லில் தறிப் பிரிவில் வேலை. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாய், வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காது. அவர் மனைவியிடம் உப்பு கேட்டால் மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் உப்புச் சாடியைத் தேடுவார்கள். சங்கத்தின் கேட் மீட்டிங்கில் கோஷம் போட அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்தெட்டாம் வருடக் கத்திரி வெயிலில் ஒரு வாரம் குரலே எழுப்பாமல் படுத்துக் கிடந்தார். காரணம் கேட்டால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிரித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். எதிர்வீட்டுக்காரி நான் எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்தவள்.

ஆசை அவருடையது இல்லை, மனைவி கமலவேணியுடையது. அவள் குருசுக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டில் சமையல் செய்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுத் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் விருந்துக்காக வான்கோழி வளர்த்தார்கள். வருடா வருடம் ஒன்றை வறுத்து மேசைக்கு அனுப்பியது கமலவேணியின் கைதான். ஆனால் அவள் மனசெல்லாம் உயிரோடு திரியும் சேவல் மேல். வெண்கல நிறத்தில் இறகு மின்ன, வாலை விசிறியாக விரித்து அது நடப்பதைக் குழாயடியில் நடந்தே காட்டுவாள். கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, களகளவென்று கத்திக்கொண்டு அவள் ஒரு சுற்று வந்தால் குடம் நிரம்பி வழிவது யார் கண்ணுக்கும் படாது. நம் வீட்டு வாசலில் ஒருநாள் இப்படி ஒன்று நடக்கணும் என்பாள்.

அந்தக் குடும்பம் மொத்தமாகப் பிரான்சுக்குக் கிளம்பியது. வான்கோழிகளைக் கடைசி விருந்தில் சமைத்துவிட்டார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று வீட்டு எஜமானி மதாம் கேட்டிருக்கிறார். அலமாரி கேட்டிருக்கலாம், தையல் மெஷின் கேட்டிருக்கலாம். இந்தப் பைத்தியக்காரி, மிச்சம் இருந்த எட்டு முட்டைகளைக் கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள். பஸ்ஸில் வந்தால் இடிபடுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் முகத்துக்கு நேராகவே திட்டினேன். அவள் ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழுப்புப் புள்ளி தெளித்த பெரிய முட்டை, நல்ல கனம். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் குழந்தை இல்லை. கேட்கிறவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அடைக்கு உட்கார என் கோழியைக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்போம், எட்டு வைத்தால் விளங்காது. அதனால் என் கோழி இட்ட முட்டை ஒன்றையும் சேர்த்து ஒன்பதாக்கினாள் கமலவேணி. இடி இறங்காமல் இருக்கக் கூடையில் ஒரு இரும்பு ஆணியும் போட்டாள். எல்லாம் முறைப்படி செய்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தோம்.

மூன்று வாரம் முடிந்ததும் அந்த ஒற்றைக் கோழி முட்டை பொரிந்தது. என் கோழி தன் ஒரே குஞ்சைக் கூட்டிக்கொண்டு கூடையை விட்டு இறங்கிக் குப்பைமேட்டுக்குப் போனது போனதுதான். எட்டு முட்டையும் அநாதையாகக் கிடந்தன. பிடித்து வந்து உட்கார வைத்தால் என் கையைக் கொத்தியது. கூழாகிவிட்டதோ என்று கமலவேணி ஒரு முட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ அசைந்தது. மார்க்கெட்டில் கோழிக்கடை வைத்திருந்த அன்வருதீனிடம் ஓடினாள். வான்கோழிக்கு நான்கு வாரம் ஆகும், அதுவரை சூடு குறையக்கூடாது என்று அவர் சொன்னார். தெரு முழுக்க விசாரித்தோம். அடைக்கு உட்காரும் கோழி ஒன்றுகூட இல்லை.

அடைக்கு உட்காரத் தோதாக இருந்தது ஒரே ஒரு உடம்புதான். ஒரு மாதத்துக்கு முன்னால் கன்னியப்பன் மார்க்கெட் முனையில் ஓர் எருமை மேல் சைக்கிளை விட்டு, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார்.

"சும்மாதானய்யா படுத்துகினு இருக்க. வயித்துகிட்ட வச்சிக்கினா ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் கமலவேணி.

"நான் இன்னா கோழியாடி?" என்று அவர் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தேன். பழைய புடவையைச் சுருட்டி வட்டமாக வைத்து, நடுவில் எட்டு முட்டை. அதைத் தொப்பையோடு அணைத்தபடி, கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூரையை முறைத்துக்கொண்டிருந்தார். வெளியில் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று என்னைக் கண்ணாலேயே மிரட்டினார். நான் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

இரண்டு நாள் ரகசியம் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் கோவிந்தராசு நான்கு பேரோடு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தார். கத்திரி வெயிலில் கம்பளிப் போர்வை, ஆறாக ஓடும் வியர்வை, பேச்சும் இல்லை. டைபாய்டேதான் என்று முடிவுகட்டி, ரிக்‌ஷா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் என்று ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கக் குனிந்தார்கள்.

"தொடாதீங்கடா, முட்ட ஒடஞ்சிடும்" என்றார் கன்னியப்பன்.

கோவிந்தராசு போர்வையை விலக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஹார்லிக்ஸ் பாட்டில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அன்று மாலை ஷிப்டு விட்டதும் மில்லில் பாதி எங்கள் தெருவில் நின்றது. ஒருவர் கழிவுப் பஞ்சு கொண்டுவந்தார். ஒருவர் கன்னியப்பனுக்கு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பத்திய லேகியம் கொடுத்தார். பெண்கள் நாங்கள் சும்மா விடுவோமா? வாந்தி வருகிறதா, மாங்காய் தின்ன ஆசையா என்று கேட்டுக் கேட்டு அவரை ஒருவழியாக்கினோம். அத்தனைக்கும் அவர் உரக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை. முட்டை அதிர்ந்துவிடுமாம். வேளைக்கு ஒருமுறை அவரே ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். கமலவேணி தொடப் போனாலும் கை ஈரமாக இருக்கிறது என்று விரட்டினார்.

நான்காம் வாரமும் முடிந்தது. முட்டை முட்டையாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. வருகிறவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். கமலவேணி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒரு முட்டையைச் சேர்க்காமல் இருந்திருந்தால் கோழி இறங்கியே இருக்காதே, கடைசி முட்டைகளையும் நானே கெடுத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போது கட்டிலில் இருந்து, அந்த மனிதரிடம் நாங்கள் கேட்டே இராத மெல்லிய குரலில், "கமலா, இங்க வாயேன், உள்ள தட்டுது" என்று கூப்பிட்டார்.

எட்டில் மூன்று பொரிந்தன. நனைந்த பஞ்சுபோல இருந்த மூன்றும் அவர் தொப்பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. கோஷம் போடுகிற வாய் திறந்தபடியே இருக்க, கண்ணில் தண்ணீர் வழிந்தது. நாங்கள் எல்லோரும் அழுதோம், சிரித்தோம், ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டோம்.

வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி தின்னவே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கன்னியப்பன் விரலால் தட்டினால்தான் குருணையைக் கொத்தும். கமலவேணி தட்டினாலும் நான் தட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், லீவும் முடிந்தது. அவர் மில்லுக்குப் போன முதல் நாள் மூன்றும் ஒன்றையும் தின்னாமல் கத்தியே துவண்டுபோயின. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் ஒன்றும் பிழைக்காது என்று அன்வருதீன் சொல்லிவிட்டார். மறுநாள் காலை, கோவிந்தராசுவைக் கூட்டிக்கொண்டு கன்னியப்பன் ஆபீசுக்கே போனார்.

அங்கே நடந்ததை கோவிந்தராசு சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அதிகாரி ஊருக்குப் புதியவர். லீவு எதற்கு என்று கேட்டதும் கன்னியப்பன் எருமையில் தொடங்கி குருணை வரை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். ஒரு வாரம் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, எழுந்து போகும் நேரத்தில் சும்மா பேச்சுக்கு, உனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்.

"மூணு சார்" என்றாராம் கன்னியப்பன்.

கோவிந்தராசு சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. வெளியே வந்து அவரை சைக்கிள் பின்னால் உட்கார வைத்து வேகமாக மிதித்தார். தெருமுனையிலேயே கன்னியப்பன் குரல் கொடுத்துவிட்டார். துவண்டு கிடந்த மூன்றும் தலையைத் தூக்கிக் கத்தின. கமலவேணி குருணைத் தட்டோடு வாசலுக்கு ஓடினாள்.