பார்க்காதே என்று சொல்லி எடுத்த படங்கள்

என் கணவர் சேஷன் சமூகவியல் படித்தவர். படிப்போடு நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்; ஒரு ஜப்பான் கேமராவையும் வாங்கித் தொலைத்தார். ஆர்.கே.புரத்தில் என் வேலைக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரே பாத்ரூம். ஞாயிற்றுக்கிழமையானால் அதன் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு பிலிம் கழுவ உட்கார்ந்துவிடுவார். நானும் பெண்ணும் பக்கத்து வீட்டில் போய்க் குளிக்க வேண்டும். மானம் போகிறது என்று கத்துவேன். "தோ ஆச்சு, வத்சலா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஆனால் ஆகாது.

டெல்லியில் கட்டட வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. ஏசியாட் விளையாட்டுக்காக ஊரெல்லாம் பாலமும் மைதானமுமாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். சேலத்துப் பக்கத்து ஜனங்கள் குடிசை போட்டுத் தங்கியிருந்த இடத்தில் மூன்று வருஷம் பழியாய்க் கிடந்தார். அவர்களோ கேமராவைக் கண்டால் செங்கல்லைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, விறைப்பாக நிமிர்ந்து நிற்பார்கள். இவருக்கு அது ஆகாது. "கேமராவைப் பாக்காதீங்க, வேலையைப் பாருங்க" என்பார். யாராவது நிமிர்ந்து சிரித்துவிட்டால், அந்தப் படத்தில் உண்மை போய்விட்டதாம்.

சித்தாள் பொன்னம்மாளைத்தான் அதிகம் எடுத்தார். "சார், ஒரு தடவ மொகம் தெரியற மாதிரி எடுங்க சார், நல்ல சீல கட்டிட்டு வந்துடறேன்" என்று அவள் கெஞ்சுவதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

"ஏன்னா, எடுத்துக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"அதெல்லாம் ஸ்டுடியோக்காரன் வேலை, வத்சலா."

இவ்வளவு செய்து கண்ட பலன் என்ன? மேலே இருந்த பேராசிரியர் படங்களைப் புரட்டிவிட்டு, "இது ஆராய்ச்சியா, கல்யாண ஆல்பமா?" என்றார். கட்டுரையை எடுத்துக்கொண்ட பத்திரிகைகூடப் படங்களைத் திருப்பி அனுப்பியது. போட்டோக்காரர்களோ இவரை வாத்தியார் என்று ஒதுக்கினார்கள். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பாவமாகவும் இருக்கும்.

எண்பத்திரண்டு மழைக்காலத்தில் பொன்னம்மாளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிழைக்கவில்லை. அவள் போன அன்று காலையே மகள் ராஜாத்தி அழுது வீங்கிய முகத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மால போட்டு வெக்க அம்மா படம் ஒண்ணு குடுங்க சார். உங்ககிட்டதான் இருக்கு."

இவர் படங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து தரையில் பரப்பினார். சிமெண்ட் அப்பிய கை. கூடையின் நிழல் விழுந்து இருண்ட தலை. குனிந்த கழுத்து, முதுகு, மறுபடி முதுகு. ராஜாத்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"இது எங்கம்மா கையி. இது முதுகு. மொகம் எங்க சார்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தப் பெண் நிற்கிறாளே என்றும் பார்க்காமல், வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். கேமராவை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். அங்கே பொன்னம்மாளுக்கு நல்ல சேலை கட்டி, தாடையைக் கட்டி, நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்களாம். நேருக்கு நேர் நின்று எடுத்திருக்கிறார்.

இறந்தவர்களின் மூடிய கண்ணைப் படத்தில் திறந்து வரைந்து கொடுக்கும் கிழவர் ஒருவர் கரோல்பாக் ஸ்டுடியோவில் இருந்தார். காரியத்துக்கு முன்னால் படம் வேண்டுமென்று மூன்று பேருமாகப் போனோம். கிழவர் படத்தை விளக்கடியில் வைத்து, கண் எப்படி இருக்கும், பெரிசா சின்னதா என்று ஹிந்தியில் கேட்டார்.

ராஜாத்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எனக்குச் சொல்ல வரல சார். நீங்க சொல்லுங்க. மூணு வருசமா நீங்கதான அம்மாவப் பாத்துட்டே இருந்தீங்க."

கிழவர் பிரஷ்ஷோடு காத்திருந்தார். இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பிறகு என்னைப் பார்த்தார்.

அட பாவி மனுஷா, என்னை ஏன் பார்க்கிறீர்? அவள் உயிரோடு இருந்தவரை நான் அவளைப் பார்த்ததெல்லாம் நீர் எடுத்த படங்களில்தானே!