கோணலாக நிற்கும் என் அடுப்பு மேடை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஆவணி மாதம் நடந்தது இது. சங்கரன்கோவிலில், விடிந்தது முதல் தறிச்சத்தம் கேட்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாமியார், கொழுந்தனார், அவர் மனைவியான என் ஓரகத்தி என்று எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்கு வருவது ஆடிக்கு ஒரு தடவை, அமாவாசைக்கு ஒரு தடவை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு அப்போது நான்கு வயது, சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு தரையில்தான் இருந்தது. மாமியார் உட்கார்ந்தே சமைத்துப் பழகியவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இடுப்பு உயரத்துக்கு ஒரு அடுப்பு மேடை. நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்?

"மாசமா இருக்கவ வீட்டுல கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாதுட்டி" என்றார் மாமியார், பெரியவள் வயிற்றில் இருந்தபோது. சரி என்று இருந்தேன். பிறந்த பிறகு, பச்சைப் பிள்ளைக்கு சிமெண்ட் தூசி ஆகாது என்றார். தூசி தாங்குகிற வயது அவளுக்கு வந்தபோது சின்னவள் வயிற்றில் இருந்தாள். அப்புறம், ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அது முடியட்டும் என்றார். தபசு முடிவதற்குள் ஓரகத்தி மாசமாகிவிட்டாள். கணவரிடம் போனில் சொன்னால், "பிள்ளைக வளரட்டும், நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்பார். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கின் கதைதான் என் கதை.

ஒரு நாள் காலையில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நான் பெரியவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சின்னவள் எப்போது உள்ளே தவழ்ந்து போனாள் என்று தெரியாது. அடுப்பு எரிகிற அழகைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கிறாள். ஓரகத்தி ஓடிப்போய்ப் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் பானை சரிந்து, கஞ்சி அவள் பாதத்தில் கொட்டியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரகத்தியின் பாதம் முழுக்கக் கொப்பளம். வயிற்றில் பிள்ளையோடு அவள் துடித்துப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால், மாமியார் உப்பும் மிளகாயும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். பிள்ளைகள் மேல் யாரோ கண் வைத்துவிட்டார்களாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்த. அடுப்பு தரையில இருக்கு, அவ்வளவுதான்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்று மத்தியானம் ஓரகத்தி என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "யக்கா, நான் கால் ஆறுத வரைக்கும் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நான் போயிட்டா இந்த வீட்டுல மாசமா இருக்கவ யாரு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் அம்மா வீடு பக்கத்தில் கரிவலம்வந்தநல்லூரில்தான். அவளை பஸ் ஏற்றிவிட்ட கையோடு கொத்தனாரிடம் போய்ப் பேசினேன். ஹாலோ பிளாக், மணல், சிமெண்ட், மேலே போட ஒரு கடப்பா கல், எல்லாம் மறுநாளே வந்து இறங்கின. கொத்தனார் மட்டும் வரவில்லை. போன் பண்ணினால், "பெரியம்மா வேண்டாம்னு சொல்லுதாவளே, நான் என்னம்மா செய்ய?" என்கிறார்.

மாமியாரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு விட்டால் இனி இந்த ஜென்மத்தில் மேடை கிடையாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகினேன். மேலநீலிதநல்லூரில் எங்கள் அப்பா வீடு கட்டியபோது கலவை அள்ளிக் கொடுத்த கை இது. மறந்தா போகும்?

சின்னவளை எங்கே விடுவது? பரணில் கிடந்த பெரிய அண்டாவை இறக்கி, உள்ளே பழைய சேலையை மடித்துப் போட்டு, ஒரு கரண்டியையும் கொடுத்து உட்கார வைத்தேன். அவள் அண்டாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கல்லை நனைக்கிறேன் என்று பெரியவள் தன்னைத்தான் நனைத்துக்கொண்டாள். கலவை குழைத்து மேடையின் இடது பக்கக் காலைக் கட்டி முடித்ததும் சின்னவள் பாலுக்கு அழுதாள். கை கழுவி, பால் கொடுத்துவிட்டு வந்தால் மீதிக் கலவை இறுகிக் கிடக்கிறது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் குழைத்தேன். பெரியவளுக்குப் பசி. ஊட்டிவிட்டு வந்தேன். மறுபடியும் இறுகிவிட்டது. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு மறுபடியும் குழைத்தேன். பால் கொடுக்குமுன் கட்டிய கால் ஒரு உயரம், ஊட்டிவிட்டபின் கட்டிய கால் வேறு உயரம். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

கால்கள் நன்றாக இறுகட்டும் என்று சில நாள் விட்டு, பக்கத்துத் தறிக்குப் போகும் பெண்களைக் கூப்பிட்டுக் கடப்பா கல்லைத் தூக்கி மேலே வைத்தோம். அதுவரை எட்ட நின்றே பார்த்துக்கொண்டிருந்த மாமியார், நாங்கள் தூக்கும்போது வந்து, "பிள்ளைய இங்கன குடு" என்று அண்டாவிலிருந்து சின்னவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஓரகத்தி கால் ஆறித் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் என் கணவர் வந்தார். மேடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் மேல் வைத்தார். அது உருண்டு போய் ஓரத்தில் விழுந்தது.

"சரிஞ்சுல்லா கிடக்கு. நாளைக்கே கொத்தனார வரச் சொல்லுதேன். இடிச்சிட்டு ஒழுங்கா கட்டிருவோம்" என்று சிரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் வராத கொத்தனார், நான் கட்டியதை இடிக்க மட்டும் நாளைக்கே வருவாராம்!

"வீட்டுல மாசமா ஒருத்தி இருக்கா. கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாது. வேணும்னா உங்க அம்மாட்ட கேளுங்க" என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தவே இல்லை. "அவ சொல்லுதது சரிதாம்ல. தொடாத" என்றார். ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மேடை இன்றைக்கும் கோணல்தான். அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். ஓரகத்தியின் பையன் இப்போது, முன்பு அடுப்பு இருந்த அந்தத் தரையில் பயமில்லாமல் ஓடித் திரிகிறான். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வேலை, பிள்ளைகள் வளர்ந்தபிறகு செய்துகொள்ளலாமே என்று யார் சொன்னாலும் எனக்கு இப்போதும் சுருக்கென்று கோபம் வருகிறது. அந்தப் பிள்ளைகள் வளரவேண்டியதே இந்த வீட்டுக்குள்தானே!