பெருமாட்டிக்காரர் வீட்டில் கோத்த சக்கரம்

ஆறுச்சாமிக் கவுண்டர் என் பட்டறைக்கு வந்து கேட்டது பின் சக்கரத்துக்கு ஒரு புது ட்யூப் மட்டும்தான். மறுநாள் விடிந்ததும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தேவிகுளத்துக்கு மலையேற வேண்டும் என்றார். அவருடைய தங்கையை அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கை மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால், இவர் போயே ஆகவேண்டும்.

இது ஐம்பதுகளில் நடந்தது. பாலக்காட்டில் எங்கள் ராவுத்தர் குடும்பத்தார் எல்லாரும் கடை வைத்து வியாபாரம் பார்த்தார்கள். நான் ஒருவன்தான் கையில் கிரீஸோடு மோட்டார் சைக்கிள் பட்டறையில் உட்கார்ந்தவன். சக்கரம் கோப்பதில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல என்று இன்றும் சொல்வேன்.

கவுண்டர் பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். அவருடையது பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள். பம்ப்செட், வண்டி அச்சு, எதுவானாலும் தானே பிரித்துத் தானே மாட்டிவிடுவார். அந்தப் பின் சக்கரத்தில் ரிம் நசுங்கிப்போய், புது ரிம்மும் புது ஸ்போக் கம்பிகளும் வாங்கி, வீட்டு வாசலிலேயே கோத்திருந்தார். சுற்றிவிட்டுப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடாமல் நேராகச் சுற்றியது. நன்றாகக் கோட்டம் எடுத்திருக்கிறீர்கள் என்று மனதாரச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

டயரைக் கழற்றி, ரிம்முக்குள் இருந்த ரப்பர் நாடாவை எடுத்தபோதுதான் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கம்பிகளின் நுனியெல்லாம் அரத்தால் ராவப்பட்டிருந்தன. ஏன் ராவினீர்கள் என்று கேட்டேன். நுனி நீட்டிக்கொண்டு ட்யூபைக் குத்தியது, அதனால் ராவினேன் என்றார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த வண்டியின் பின் சக்கரத்துக்கு இரண்டு அளவில் கம்பி உண்டு. பிரேக் டிரம் இருக்கும் பக்கம் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் பெரிது, அங்கே குட்டைக் கம்பி. மறுபக்கம் நெட்டைக் கம்பி. வித்தியாசம் கொஞ்சம்தான், கண்ணுக்குத் தெரியாது. கவுண்டர் இரண்டையும் பக்கம் மாற்றிக் கோத்துவிட்டார். ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மறுபக்கம் எட்டாமல் இருக்கும். அந்தப் பக்கத்தில், கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் ஒன்றில் ஸ்போக் கீயை வைத்துத் திருப்பினேன். திருப்பத் தொடங்கியதுமே கழன்று கையோடு வந்தது. கம்பியின் மரையில் நுனி மட்டும்தான் பிடித்திருந்தது.

அதை அவரிடம் காட்டினேன். கவுண்டர் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டார். பிறகு, நேராகத்தானே சுற்றுகிறது, இங்கே வரைக்கும் வந்துவிட்டோமே, மெதுவாகப் போய்விடுவேன் என்றார். தானே கோத்த சக்கரத்தில் வருவதாக மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாராம். நான் சொல்லச் சொல்ல அவர் பிடிவாதம் ஏறியது. ட்யூபைப் போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் மனைவி மயிலாத்தாள் அதுவரை கடைவீதியில் வாங்கிய சீர்ச் சாமான் மூட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் எழுந்து வந்து, கழன்ற நிப்பிளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, மலையில பிரேக் புடிச்சா இது தாங்குமுங்களா?"

"தாங்காதும்மா. சமதரையில ஓடும். எறக்கத்துல ஆளும் மூட்டையுமா பிரேக் புடிச்சா, கம்பி ஒவ்வொண்ணா மரைய விட்டுரும்."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நான் இப்பவே பொள்ளாச்சி பஸ் ஏறிக்கறனுங்க. நீங்க எப்புடி வேணா வாங்க. ஆனா புள்ளைய உக்கார வெக்க மடி வேணுமுங்க. அத முழுசாக் கொண்டாந்து சேத்துங்க."

கவுண்டர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொஞ்சம் கழித்து என்னிடம் கேட்டார்.

"கம்பி இருக்குதுங்களா, ராவுத்தரே?"

"இருக்கு. உக்காருங்க. கோக்கறது நீங்க, முறுக்கறது நான்."

இதை நான் யோசித்துத்தான் சொன்னேன். அவருடைய கை நல்ல கை. தவறு கையில் இல்லை, அளவில்தான். இரண்டு அளவுக் கம்பிகளையும் தனித்தனியாகப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். உள்பக்கக் கம்பி, வெளிப்பக்கக் கம்பி என்று அவர் வேகமாகக் கோத்துக்கொண்டே போனார். என் பட்டறை ஆட்கள்கூட அந்த வேகத்தில் கோத்ததில்லை. அதன்பின் நான் உட்கார்ந்து, நிப்பிள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்று வரிசையில் முறுக்கினேன். ஸ்பேனரால் தட்டினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சத்தம் தரவேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் அது தளர்வு. சக்கரம் நேராக ஓடுவதைக் கண் பார்த்துவிடும். இழுவை சமமாக இருப்பதைக் காதுதான் சொல்லும்.

டயர் மாட்டியதும் முதலில் கவுண்டருக்குப் பின்னால் நான் ஏறி உட்கார்ந்தேன். நான் முறுக்கிய சக்கரத்தில் நான் உட்காராமல் யாரையும் உட்காரவிட்டதில்லை. கல்பாத்திப் பக்கம் ஆற்றுக்கு இறங்கும் சரிவில் வேகமாக விடச் சொல்லி, பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொன்னேன். வண்டி பிசகாமல் நின்றது. திரும்பி வந்து மறுபடியும் தட்டிப் பார்த்தேன். புதுக் கம்பி முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும். இளகியதை இறுக்கினேன்.

மயிலாத்தாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். இப்போது போகலாமா என்று என்னைத்தான் கேட்டார். போகலாம் என்றேன். அவர் மூட்டையை வண்டியில் கட்டச் சொன்னார்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. திரும்பும் வழியில் இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே வந்ததாகவும், ஒரு கம்பிகூட அசையவில்லை என்றும் கவுண்டரே வந்து சொன்னார். அதற்குப் பிறகு பெருமாட்டிப் பக்கத்தில் யார் சக்கரம் நெளிந்தாலும் அவர்தான் வீட்டில் கோப்பார். டயர் மாட்டுமுன் முறுக்க என்னிடம் அனுப்பிவிடுவார்.

வீட்டில் செய்யலாமா, பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பொறுமையும் கையும் இருந்தால் வீட்டிலேயே கோத்துக்கொள்ளுங்கள். ஓட்டுமுன் இன்னொருவர் தட்டிப் பார்க்கட்டும். தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வண்டியில் குறை இருந்தால் ஓட்டுகிறவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். பின்னால் உட்காருகிறவரைக் கூப்பிட்டு, அவர் காதில் விழச் சொல்லுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் செய்தேன்.